மூவரில் மேல் கீழ் இல்லை. கல்லறையில் மட்டும் ஏன்?

(தண்டலத்தில் இளம் தொழிலாளர்கள் கூடிய ஞாயிறு வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் 1700 ஆண்டு பழைய சண்டை ஒன்றைப் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், அது நம் ஊரில்தான் வந்து முடியும்.

அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்றொரு பாதிரியார் இருந்தார். பெயரைக் கேட்டு வேறு எதுவும் நினைத்துவிடாதீர்கள்! மகனாகிய கிறிஸ்து தந்தையால் படைக்கப்பட்டவர், ஆகவே ஒரு படி கீழே என்றார் அவர். கி.பி. 325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களை நிசேயாவில் கூட்டினார். மகன் படைக்கப்பட்டவர் அல்ல, தந்தையும் மகனும் ஒரே பொருள் என்று அவர்கள் விசுவாச அறிக்கை எழுதினார்கள். ‘ஹோமோஊசியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் அதுதான். ஆரியுஸ் நாடு கடத்தப்பட்டார். சண்டை ஓயவில்லை. 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம், தூய ஆவியாரும் தந்தையோடும் மகனோடும் சேர்த்தே வணங்கப்படுபவர் என்றது. மூன்று ஆள், ஒரே கடவுள், மேல் கீழ் கிடையாது. திரித்துவம் என்பது இதுதான்.

கடவுளுக்குள் ஒரு படிகூட இருக்கக் கூடாது என்று 56 ஆண்டுகள் மல்லுக்கட்டிய மதம் இது.

நான் சேரியில் பிறந்து, இந்த அறிக்கையை மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்தவன். இன்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் சிறுவயதிலிருந்து போகவில்லை. ‘ஒரே பொருள்’ என்று ஊரும் சேரியும் ஒரே குரலில் சொல்வோம். திருவிழாத் தேர் மட்டும் எங்கள் தெருவுக்கு வராது. கல்லறையும் தனி.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு தேவாலயம் கட்டினார்கள். பீடம் ஒன்று, மக்கள் உட்காரும் பகுதி இரண்டு. கால்சட்டையின் இரு கால்கள் போல விரிந்த கட்டடம். ஒரு பக்கம் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் நாடார் கிறிஸ்தவர்கள். பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. பழைய உரிமை கேட்டு வெள்ளாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. பீடத்தில் மூவரும் சமம் என்று பாடியிருப்பார்கள். சுவரை உடைத்தது அந்தப் பாட்டு அல்ல, கடப்பாரை.

ஆகவே, கோட்பாடு தானாக எதையும் மாற்றாது. நிசேயா அறிக்கை எழுதப்பட்டபோதும் ரோமப் பேரரசில் அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள்.

அரசு என்ன செய்கிறது? 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை மதத்தோடு கட்டியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். தலித் கிறிஸ்தவர்களைச் சேர்க்கக் கோரி 2023இல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று சொல்லி அரசு உரிமையை மறுக்கிறது. சாதி இருக்கிறது என்று கல்லறைச் சுவர் சாட்சி சொல்கிறது.

இங்கே இருக்கும் கிறிஸ்தவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போய் அந்த அறிக்கையைச் சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்: தந்தையும் மகனும் ஒரே பொருள் என்றால், நீங்களும் நானும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் படுக்கலாமா?

பதில் வரும்வரை கேளுங்கள். ஜெய்பீம்.