ஒழுகும் கூரையும் உரியவர் கடமையும்



உடைந்த ஓட்டை மாற்றுவது யார் பொறுப்பு? பட்டணத்து வாடகை வீட்டில் இதற்கு விடை எளிது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் அவ்வளவு எளிதன்று.

1972ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றுட் பலவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலமோ அரசினிடமே நின்றது. லயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோர் பலருக்கு உறுதியும் இல்லை, வாடகைச் சீட்டும் இல்லை. ஆகவே, தகரத்தில் ஓட்டை விழுந்தால் தொழிலாளி துரையைப் பார்க்கிறார். துரை கம்பனியைப் பார்க்கிறார். கம்பனி செலவுக் கணக்கைப் பார்க்கிறது. மழை எவரையும் பார்ப்பதில்லை.

சப்பிரகமுவையில் மழைக்குப் பஞ்சமில்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த காம்பிராக்களுள் ஒன்று ஒழுகினால், அடுத்த வீட்டுச் சுவரும் நனையும். நனைந்த கொப்பியோடு பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் வீட்டுப்பாடம் கேட்க ஆசிரியருக்கு நா எழுவதில்லை.

தோட்ட நிர்வாகத்தினர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அலுவலகத்தில் ஒரு பதிவேடு வையுங்கள். முறைப்பாட்டு நாள், லய இலக்கம், பழுது, திருத்திய நாள் ஆகிய நான்கும் அதில் இருந்தாற் போதும். மின்கம்பிப் பழுதும் சரியும் சுவரும் அன்றே கவனிக்கத்தக்கன. ஒழுக்கும் அடைபட்ட கானும் ஒரு கிழமைக்குள் முடிய வேண்டியன. கதவு, சுண்ணாம்பு வேலைகள் மே மாதப் பருவமழைக்கு முன் முடியட்டும். இயலாதாயின், காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள். மறுமொழியின்மையே மறுப்பினும் மனத்தைப் புண்படுத்துவது.

குடியிருப்போருக்கும் கடமை உண்டு. பழுது சிறிதாயிருக்கும்போதே எழுதிக் கொடுங்கள். பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள். இஸ்தோப்பு முன்னுள்ள கானில் குப்பை சேரவிடாதீர்கள். வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளை இருப்பின், அக்கடிதமே அதற்கு நல்லதொரு கட்டுரைப் பயிற்சியாகும்.

ஆனால் எல்லாப் பழுதும் சிறுபழுதன்று. 2016 மே 17ஆம் நாள் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. புளத்கொஹுபிட்டியப் பகுதியில் தோட்ட லயமும் மண்ணுள் புதைந்தது. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென ஊறும் சேற்றுநீர் ஆகியவற்றைக் கண்டால், பதிவேட்டையும் மறுமொழியையும் எதிர்பார்த்திராமல் பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள். பின்னர் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

உரிமைப் பத்திரம் வரும் நாள் வரட்டும். அதுவரை, கூரைக்கு ஒரு தகரம் இடுவதற்குப் பத்திரம் தேவையில்லை, பொறுப்புணர்ச்சி போதும்.