மயிலுக்கு யாரு கணக்கு வச்சிருக்கா?

மூதுரைல மயிலையும் வான்கோழியையும் ஜோடி சேர்த்து ஒரு பாட்டு வரும், ஞாபகம் இருக்கா? ஸ்கூல்ல எல்லாரும் ஒப்பிச்சிருப்போம். மயில் ஆடறதைப் பார்த்துட்டு வான்கோழியும் சிறகை விரிச்சு ஆடப் பாக்கும். ஒண்ணைப் புரிஞ்சுக்காம அப்படியே காப்பி அடிச்சா சிரிப்பாத்தான் இருக்கும்னு அந்தப் பாட்டு சொல்லும். இன்னைக்கு எபிசோடும் அதே ரெண்டு பறவையைப் பத்தித்தான், ஆனா தலைகீழா. அமெரிக்காவுல காட்டு வான்கோழி வேட்டையை எப்படி நடத்துறாங்கன்னு பார்த்துட்டு, அதுல எங்க தொண்டாமுத்தூர் மயிலுக்கு ஏதாவது பாடம் இருக்கான்னு பேசப்போறோம்.

தொண்டாமுத்தூர் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. கோயம்புத்தூர் டவுன்ல இருந்து மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். தக்காளி, சின்ன வெங்காயம், மஞ்சள், வாழை, பாக்கு, தென்னைன்னு தோட்டமா இருக்கற பூமி. நியூஸ்ல எங்க ஊரு பேரு வந்தா பெரும்பாலும் யானை வந்த செய்தியாத்தான் இருக்கும். ஆனா எங்க அப்புச்சி ஒண்ணு சொல்வாரு: "யானை என்னைக்காச்சும் ஒரு நாள் வரும் கண்ணு. மயிலு தினமும் வருது."

விதைச்ச நிலக்கடலையையும் சோளத்தையும் கிளறி எடுத்துரும். தக்காளி பழுக்கற நேரத்துல ஒவ்வொரு பழத்துலயும் ஒரு கொத்து. முழுசாத் தின்னாலாவது பரவால்ல, ஒரு கொத்து கொத்திட்டு அடுத்த செடிக்குப் போயிரும். கொத்துன பழத்தை மார்க்கெட்ல யாரும் வாங்க மாட்டாங்க. யானை ஒரு ராத்திரி வந்து வாழையைச் சாய்ச்சா, காலையில போட்டோ எடுத்துக் காட்டலாம். மயில் பண்ற சேதம் அப்படி இல்ல. தினம் ஒரு கூடை, ரெண்டு கூடைன்னு சொட்டுச் சொட்டாப் போகும். எந்த ஒரு நாளும் புகார் குடுக்கற அளவுக்குப் பெருசாத் தெரியாது. சீசன் முடிஞ்சு கூட்டிப் பார்த்தாதான் வலிக்கும்.

இதை ஆபீஸ்ல சொன்னப்போ ஒரு நண்பர் கேட்டாரு: "அவ்வளவு இருக்குன்னா சுட்டுட வேண்டியதுதானே? அமெரிக்காவுல வான்கோழியை சுடறாங்கல்ல?" விளையாட்டாக் கேட்டதுதான். ஆனா யோசிச்சா, ஒப்பிட்டுப் பார்க்கறதுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. மயிலும் வான்கோழியும் ஒரே குடும்பத்துப் பறவைங்க. ரெண்டுமே பெருசு, ரெண்டுமே தரையில மேயும், ராத்திரி மரத்துல அடையும். ரெண்டுலயும் ஆண்தான் தோகையை விரிச்சு ஆடும், சத்தம் போட்டுப் பெட்டையைக் கூப்பிடும். ஒரு ஆண் பல பெட்டைகளோட சேரும். இந்தக் கடைசி விஷயத்தை மனசுல வச்சுக்குங்க. அந்த வேட்டையோட கணக்கே அதுலதான் இருக்கு.

அமெரிக்காவுல வான்கோழி வேட்டையோட முக்கியமான சீசன் வசந்த காலம். மாநிலத்துக்கு மாநிலம் தேதி மாறும், பெரும்பாலும் மார்ச்சுல இருந்து மே வரைக்கும். விடியறதுக்கு முன்னாடியே காட்டுக்குப் போயி, இலை தழை நிறத்துல சட்டை போட்டு, ஒரு மரத்துல முதுகைச் சாய்ச்சு உட்காந்துருவாங்க. தேடி அலையறதெல்லாம் கம்மி. கையில ஒரு சின்ன மரப்பெட்டியோ, உரசினா சத்தம் வர்ற ஒரு பலகையோ இருக்கும். அதை வச்சு பெட்டை வான்கோழி மாதிரியே குரல் குடுப்பாங்க. இயற்கையில நடக்கறது என்னன்னா, ஆண் கத்தும், பெட்டைதான் அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரர் இதைத் திருப்பிப் போடறாரு: "நீ என்கிட்ட வா." அதனாலதான் அது கஷ்டம். பல நாள் வெறுங்கையோட வீட்டுக்குப் போவாங்க.

இந்த மாதிரி குரலை வச்சுப் பறவையை வரவைக்கறது நமக்கும் புதுசு இல்ல. நம்ம பக்கம் கௌதாரி பிடிக்கறதை வயசானவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. பழக்கின ஆண் கௌதாரியைக் கூண்டோட புதர்ல வைப்பாங்க. அது கத்தும். அந்த எல்லைக்குச் சொந்தக்கார கௌதாரி "எவன்டா எம்பட எடத்துல?"னு சண்டைக்கு வந்து, சுத்தி வச்சிருக்கற கண்ணியில மாட்டும். இப்படி விலங்கையோ பறவையையோ வச்சு அதோட இனத்தையே பிடிக்கறதுக்குத் தமிழ்ல பழைய பேரு ஒண்ணு இருக்கு: பார்வை. சங்க இலக்கியத்துலயே, பெரும்பாணாற்றுப்படையில, வேட்டைக்காரங்க வீட்டுல கட்டி வச்சிருக்கற பார்வை மான் வருது. இன்னைக்கு கௌதாரி பிடிக்கறதும் சட்டப்படி குற்றம், அது வேற விஷயம்.

சரி, வான்கோழிக்கு வருவோம். ஐரோப்பியர்கள் வர்றதுக்கு முன்னாடி வட அமெரிக்காவுல அது லட்சக்கணக்குல இருந்துச்சு. காட்டை வெட்டி, வருஷம் பூரா எந்த வரைமுறையும் இல்லாம சுட்டு, 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல பல மாநிலங்கள்ல ஒண்ணுகூட மிச்சம் இல்ல. முதல்ல பண்ணையில வளர்த்த வான்கோழியைக் காட்டுல விட்டுப் பார்த்தாங்க. அதுங்களுக்கு நரிக்குப் பயப்படவே தெரியல, பிழைக்கல. 1950-கள்ல வலையைச் சின்ன பீரங்கி மாதிரிக் கருவியில வச்சு, மேயற கூட்டத்து மேல வீசிப் பிடிச்சு, காட்டுப் பறவையையே வேற காட்டுக்குக் கொண்டு போயி விட ஆரம்பிச்சாங்க. அது வேலை செஞ்சுது. இப்போ 60 லட்சம் வாக்குல இருக்கு.

இதுக்குப் பணம் எங்கிருந்து வந்துச்சு? 1937-ல பிட்மன்-ராபர்ட்சன் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. துப்பாக்கி, தோட்டா விற்பனை மேல போடற வரி அப்படியே மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகும். லைசென்ஸ் கட்டணமும் அவங்களுக்கே. அதாவது, அந்தப் பறவையால யாருக்கு சந்தோஷமோ அவங்கதான் அதுக்குக் காசு கட்டறாங்க.

அடுத்தது விதிகள். வசந்த காலத்துல பெரும்பாலும் ஆணை மட்டும்தான் சுடலாம். நெஞ்சுல தாடி மாதிரி முடிக்கத்தை தொங்குதான்னு பார்த்துட்டுத்தான் சுடணும். சீசன் தேதியை, பெட்டைங்க பெரும்பாலும் சேர்ந்து முடிச்சு அடைகாக்கப் போற நேரமாப் பார்த்து வைக்கப் பாக்கறாங்க. ஒரு ஆண் பல பெட்டைக்குப் போதும்ங்கறதால, அதுக்கப்புறம் சில ஆண் குறைஞ்சா அடுத்த தலைமுறை பெருசாப் பாதிக்காதுங்கறதுதான் கணக்கு. அந்தக் கணக்கு தப்பினா மாத்திக்கவும் செய்யறாங்க. தென்கிழக்குப் பக்கம் சில மாநிலங்கள்ல வான்கோழி குறைய ஆரம்பிச்சதும் விதிகளை இறுக்கினாங்க. டென்னசி 2023-ல சீசன் தொடக்கத்தையே ரெண்டு வாரம் தள்ளி வச்சுது.

இப்போ நம்ம பக்கம். மயில் 1963-ல தேசியப் பறவை ஆச்சு. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. பலருக்குத் தெரியாத ஒண்ணு: அந்தச் சட்டத்துலயே ஆரம்பத்துல வேட்டை லைசென்ஸ் இருந்துச்சு. 1991 திருத்தம்தான் அதைத் தூக்கிட்டு, வேட்டைன்னாலே கூடாதுன்னு ஆக்குச்சு. மயில் இருக்கறது முதல் அட்டவணையில, புலி, யானை கூட. 'வேட்டை'ங்கற வார்த்தைக்குச் சட்டம் குடுக்கற அர்த்தமும் பெருசு. விஷம் வைக்கறது, கண்ணி வைக்கறது மட்டும் இல்ல, முட்டையை உடைச்சாலும் கூட்டைக் கலைச்சாலும் வேட்டைதான். முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினா குறைஞ்சது மூணு வருஷம் ஜெயில், ஏழு வருஷம் வரைக்கும் போகலாம்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. 11-ஆம் பிரிவுல, தலைமை வனவிலங்குக் காப்பாளர் விதிவிலக்கா அனுமதி குடுக்கலாம். ரெண்டாம் அட்டவணை விலங்குன்னா, பயிருக்கு ஆபத்துங்கறது ஒரு காரணமா ஏத்துக்கப்படும். முதல் அட்டவணைன்னா, மனுஷ உயிருக்கு ஆபத்தா இருக்கணும், இல்லைன்னா அந்த விலங்கு தேற முடியாத அளவுக்கு அடிபட்டோ நோய்வாய்ப்பட்டோ இருக்கணும். பயிர்ங்கற வார்த்தையே அங்க கிடையாது. அதனாலதான் 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசால காட்டுப்பன்றிக்கு ஒரு முடிவு எடுக்க முடிஞ்சுது: காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வர்ற பன்றியை வனத்துறை சுடலாம். மயிலுக்கு அப்படி ஒரு கதவே இல்ல. 2016-ல கோவாவுல மயிலைத் தொல்லை தர்ற பிராணிங்க பட்டியல்ல சேர்க்கலாமான்னு பேச்சு எழுந்தப்போ நாடு முழுக்க எதிர்ப்பு வந்துச்சு.

அப்ப சட்டத்தை மாத்தி, வான்கோழி மாதிரி மயிலுக்கும் சீசன் விடலாமா? என்னோட பதில், வேண்டாம். எனக்கு மூணு காரணம் இருக்கு. முதல் காரணம், இடம். அமெரிக்கக் காடு மாதிரி ஆளே இல்லாத நிலப்பரப்பு நம்மகிட்ட இல்ல. எங்க ஊர்ல ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவுல வரப்புதான் இருக்கு. வெளுக்கறதுக்குள்ள அங்க ஒருத்தர் தண்ணி கட்டிட்டு இருப்பாரு, ஒரு அக்கா பால் கறக்கப் போயிட்டு இருப்பாங்க. ரெண்டாவது, மருதமலை. கூப்பிடு தூரத்துல முருகன் உட்காந்திருக்காரு. மயில் திட்டற விவசாயியே, "போயித் தொலை சாமி"ன்னுதான் விரட்டுவாரு. அந்த 'சாமி'யைக் குறைச்சு எடை போடாதீங்க. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே மயிலைக் காப்பாத்தினதுல அந்த வார்த்தைக்குப் பெரிய பங்கு உண்டு. மூணாவது காரணம்தான் எனக்கு முக்கியம்: நம்மகிட்ட எண்ணிக்கை இல்ல. தோட்டம் தோட்டமா எத்தனை மயில், அதுல எத்தனை பெட்டை, போன வருஷத்தைவிடக் கூடியிருக்கா, எந்தப் பயிர்ல எவ்வளவு நஷ்டம்னு ஊர் அளவுல யாரும் தொடர்ந்து எழுதி வைக்கல. லாக் இல்லாத சிஸ்டத்துல கைய வச்சா என்ன ஆகும்னு நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்குச் சொல்லணுமா? எண்ணத் தெரியாம சுட ஆரம்பிச்சா, அது மூதுரை வான்கோழி ஆடின ஆட்டம்தான்.

ஆனா "தடை இருக்கு, எல்லாம் சரியா இருக்கு"ன்னு உட்காரவும் முடியாது. தானியத்துல விஷம் கலந்து வச்சு, மயில் கூட்டமா செத்துக் கிடந்து, விவசாயி கைதுன்னு செய்தி அப்பப்ப படிக்கிறோம். விஷத்துக்கு ஆண் பெண் தெரியாது, சீசன் தெரியாது. கௌதாரி, புறா, நாயின்னு தின்னதெல்லாம் சாகும். செய்தியா வராம எத்தனை நடக்குதுன்னு எந்தக் கணக்குலயும் ஏறாது. அங்க கணக்கோட சாகுது, இங்க கணக்கில்லாம சாகுது. அந்த விவசாயிக்கு ஜெயில் போறதுக்கு முன்னாடி போறதுக்கு ஒரு இடம் இருந்திருக்கணும்ல?

அதனால வான்கோழிகிட்ட இருந்து நாம எடுக்க வேண்டியது துப்பாக்கி இல்ல, அதுக்குப் பின்னாடி இருக்கற ரெண்டு பழக்கம். ஒண்ணு, வருஷா வருஷம் எண்ணறது. இன்னொண்ணு, பறவையால சந்தோஷப்படறவங்க செலவுல பங்கு எடுத்துக்கறது. நம்ம ஊர்ல மயிலால சந்தோஷப்படறது யாரு? வீக்கெண்ட்ல வண்டியை எடுத்துட்டு சிறுவாணி ரோட்டுல வந்து, தோகை விரிக்கறதை ரீல்ஸ் எடுக்கற நாம. காசு கட்டறது யாரு? அந்த ரீல்ஸ்ல பின்னாடி தெரியற தக்காளிக்காட்டுக்காரர். தேசியப் பறவைக்கான தினச் செலவை ஒரு சில தாலுக்கா விவசாயிங்க மட்டும் ஏன் சுமக்கணும்? தக்காளி கூடைக் கணக்குல போற நஷ்டத்தையும் அளந்து ஈடு குடுக்கற ஒரு முறை வேணும். வலை போடறதுக்கு உதவி வேணும். அதையெல்லாம் கேட்டுப் போனா முதல்ல வர்ற கேள்வி, "எவ்வளவு மயில் இருக்கு?"ங்கறதுதான்.

அதுக்கு நம்மளால செய்ய முடிஞ்ச ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு ஜனவரியிலயும் தமிழ்நாட்டுல பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. குறைஞ்சது 15 நிமிஷம் ஒரு இடத்துல பார்த்த பறவைகளை எண்ணி, இ-பேர்டுல ஏத்தணும், அவ்வளவுதான். நம்மள்ல நிறையப் பேரு பொங்கலுக்கு எப்படியும் ஊருக்குப் போறோம். எண்ணறதுக்கு ஏரிக்கும் குளத்துக்கும்தான் போகணும்னு இல்ல. நீங்க உங்க அப்புச்சி தோட்டத்துக்குப் போங்க. காலையில மயில் இறங்கற நேரத்துல வரப்புல நின்னு எண்ணுங்க. ஆண் எத்தனை, பெட்டை எத்தனை, குஞ்சு எத்தனைன்னு தனித்தனியாக் குறிங்க. பக்கத்துலயே என்ன பயிர், எத்தனை பழம் கொத்து வாங்கியிருக்குன்னு ஒரு நோட்டுலயும் எழுதி வைங்க. அடுத்த பொங்கலுக்கும் அதே வரப்பு, அதே நேரம். ரெண்டு மூணு வருஷம் போனா, மனுவோட சேர்த்து வைக்கறதுக்கு உங்க வீட்டுப் பெரியவர் கையில ஒரு தாள் இருக்கும்.

உங்க ஊர்ல மயில் எப்படி, என்ன பயிரைத் தொடுது, எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. நல்லதா வர்ற வழிகளை வச்சு ஒரு எபிசோடு பண்ணலாம். மறுபடி சந்திப்போம், வரட்டுங்களா.