மலைப்பாதையும் வில்தகடும்

மஸ்கெலியாவில் சமதரை அரிது. பழைய நகரை மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் அடியில் விட்டுவிட்டு, மேட்டு நிலத்தில் குடியேறிய ஊர் அது. சுற்றிலும் தேயிலை மலைகள். அவற்றுக்கு அப்பால் சிவனொளிபாத மலை. நோர்வூட் வழியாக ஹட்டனுக்குச் செல்லும் பெருஞ்சாலையை விட்டு விலகி, தோட்டத்து லயங்களை நோக்கி ஏறினால், கல்லும் குழியும் நிறைந்த பாதைகளே எதிர்ப்படும். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் அப்பாதைகளின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. நள்ளிரவில் பிள்ளைப்பேற்று வேதனையோடு ஒரு பெண்ணை டிக்கோயா மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டுமாயின், வண்டியின் அடியில் இருக்கும் சில இரும்புத் தகடுகளை நம்பித்தான் அந்தப் பயணம் தொடங்குகிறது.

அத்தகைய பாதைகளுக்கென்றே பிறந்தது போன்ற வண்டி லேண்ட் ரோவர். இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மோரிஸ் வில்க்ஸ் என்பவரின் எண்ணத்தில் உருவாகி, 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாக வைக்கப்பட்டது. போருக்குப் பின் உருக்குக்கு நேர்ந்த தட்டுப்பாட்டினால் அதன் உடல் அலுமினியக் கலவையால் அமைந்தது. ஆனால், அதன் பாரத்தைத் தாங்கும் வில்களோ உருக்குத் தகடுகளே. 1983ஆம் ஆண்டில் சுருள்வில் பொருத்திய புதிய வகை வெளிவந்தது. 1985ஆம் ஆண்டோடு தகட்டுவில் வண்டிகளின் வரிசை முடிவுற்றது. ஆகவே, அவ்வரிசையைச் சேர்ந்த வண்டி எதுவாயினும் இன்று நாற்பதாண்டைத் தொட்ட முதிய வண்டியே.

நீளத்தில் ஒன்றுக்கொன்று குறைந்து வரும் வளைந்த தகடுகளை அடுக்கி, நடுவே ஓர் ஆணியால் பிணைத்தால் அதுவே தகட்டுவில். எல்லாவற்றிலும் நீண்ட தகட்டின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். அவ்வளையங்களைக் கண் என்பர். ஒரு கண் வண்டியின் சட்டத்தில் நிலையாகப் பூட்டப்படும். மற்றது ஷேக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பில் தொங்கும். பாரம் ஏறி வளைவு தட்டையாகும்போது வில் நீளுமல்லவா? அந்த நீளத்துக்கு இடங்கொடுப்பதே ஷேக்கிளின் வேலை. தகடுகள் ஒன்றோடொன்று உராய்வதனால் அதிர்ச்சியும் ஓரளவு அடங்குகிறது.

மலைநாட்டு ஈரத்தில் அத்தகடுகளுக்கிடையே துரு படிகிறது. துரு ஏறிய தகடு வழுக்கி நகராது. வண்டி கட்டை வண்டியாகிறது. பின்பு ஒரு நாள் ஒரு தகடு ஒடிகிறது. ஒடிந்ததன் சுமை மற்றத் தகடுகளின் மேல் விழுகிறது. அவையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்கின்றன. நடு ஆணி முறிந்துவிட்டாலோ அச்சே இடம் பெயரக்கூடும். கொண்டையூசி வளைவில் அதன் பொருள் என்னவென்று மலைச் சாரதிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

வில்லை மாற்றும் வேலையில் முதற்கண் கருத வேண்டியது உயிர்க்காப்பு. இவ்வண்டியின் கைப்பிரேக்கு சக்கரங்களைப் பிடிப்பதன்று. கியர்ப்பெட்டியின் பின்னே செல்லும் சுழல்தண்டைப் பிடிப்பது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் உயர்த்தியவுடன், தரையில் உள்ள மற்றச் சக்கரம் தாராளமாகச் சுழலும். வண்டி உருளத் தொடங்கலாம். ஆதலால், கிடைக்கும் சமதரையைத் தேடிப் பிடித்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் வேண்டும். சட்டத்தை உறுதியான தாங்கிகளின் மேல் இருத்தாமல், ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் புகுதல் ஆகாது.

அடுத்தது, வலமும் இடமும் ஒன்றெனக் கருதாமை. இவ்வண்டிகளில் பலவற்றுக்கு வலப்புற வில்லும் இடப்புற வில்லும் வேறு வேறு. சாரதியின் பாரம் வலப்பக்கத்தில் விழுவதால், அப்பக்கத்து வில்லுக்கு வளைவு சற்று மிகுதி. மாற்றிப் பூட்டினால் புதிய வில்லோடும் வண்டி சாய்ந்தே நிற்கும். ஒரு பக்கத்து வில் ஒடிந்தாலும், அதே அச்சின் இரு வில்களையும் சேர்த்து மாற்றுவதே முறை.

அச்சுக்குத் தனியே முட்டுக்கொடுத்து, அதன் பாரம் பிரேக்குக் குழாயில் தொங்காதபடி பார்த்துக்கொண்டு, யூ போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். கண்ணில் துருவேறி இறுகிய போல்ட்டு எளிதில் அசையாது. முதல் நாளே எண்ணெய் ஊற்றி ஊற வைத்தவன் மறுநாள் பாதி வேலையை முடித்தவனாவான். புதிய வில்லைப் பூட்டும்போது நடு ஆணியின் தலை அதற்குரிய குழியில் அமர்ந்ததைக் கண்ணால் கண்ட பின்னரே யூ போல்ட்டுகளைச் சமமாக முடுக்க வேண்டும். பழைய யூ போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்துதல் சிக்கனமன்று.

கண்களில் உள்ள போல்ட்டுகளை மட்டும் இறுக்கிவிடாமல் வைத்து, சக்கரம் பூட்டி, வண்டியைத் தன் பாரத்திலேயே நிற்கச் செய்து, சற்று முன்னும் பின்னும் உருட்டிய பிறகே அவற்றை முழுவதும் முடுக்க வேண்டும். அந்தரத்தில் முடுக்கினால், உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டு விரைவில் கிழிந்துவிடும். சில நாள் ஓடிய பின் யூ போல்ட்டுகளை மறுபடியும் சோதித்து முடுக்குதல் வேண்டும். பலர் விட்டுவிடும் வேலை இதுவே.

வில் வண்டியின் அடியில் இருப்பது. ஏறி அமர்பவர் அதைக் காண்பதில்லை. மழை இரவில் லயத்து வாசலிலிருந்து புறப்படும் தாய், வண்டிக்கு அடியில் முட்டுக்கட்டை வைத்தவன் யார், கடைசிப் போல்ட்டை முடுக்கியவன் யார் என்று கேட்பதுமில்லை. கேளாமலே அவனை நம்பி ஏறுகிறாள். அந்த நம்பிக்கைக்கு உரியவனாக நடந்துகொள்வதே பட்டறைத் தொழிலின் அறம்.