பழுது லென்ஸில்தானா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இங்கே இயற்பியல் படித்துவிட்டு நான் போய்ச் சேர்ந்த இடம் கோடம்பாக்கத்தில் ஒரு கேமரா பழுதுபார்க்கும் பட்டறை. "டிகிரி முடிச்சுட்டு ஸ்குரூ டிரைவர் பிடிக்கவா?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒருநாள் உதவி ஒளிப்பதிவாளர் ஒருவர் ஆஞ்சனியூ 25-250 ஜூம் லென்ஸோடு வந்தார். பத்து மடங்கு சினிமா ஜூமை உருவாக்கியதற்காக, பிரான்சு நாட்டின் பியேர் ஆஞ்சனியூவுக்கு 1964ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது கிடைத்தது. அந்தப் புகழ்பெற்ற லென்ஸ்தான்! "250-ல ஷார்ப்பா இருக்கு, 25-க்கு வந்தா மங்குது. நாளன்னைக்கு ஷூட்டிங்" என்றார்.

ஆசான் வெளியே போயிருந்தார். ஆர்வக் கோளாறில் முன்பக்க ஃபோகஸ் பகுதியைக் கழற்றிவிட்டேன். அதன் மரைக்குப் பல தொடக்கங்கள் உண்டு. வந்த தொடக்கத்திலேயே திரும்ப ஏற்றாவிட்டால், வளையத்தில் உள்ள தூரக் குறிகள் எல்லாம் பொய்யாகிவிடும். நான் அடையாளக் கோடு போடவில்லை.

ஆசான் வந்தார், திட்டவில்லை. "முதல்ல இன்னொரு கேமராவில மாட்டிப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு தொடக்கமாக ஏற்றி, கொலிமேட்டரில் பார்த்துச் சரிசெய்தபோது விடிந்துவிட்டது. பிறகு பட்டறைக் கேமராவில் மாட்டினோம். 25-லும் தெளிவு, 250-லும் தெளிவு. லென்ஸில் பழுதே இல்லை! அவர்களுடைய ஆரி கேமராவின் மவுண்ட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய மெல்லிய ஷிம் தகடு விடுபட்டிருந்தது.

மவுண்ட் முகப்பிலிருந்து ஃபிலிம் வரை 52 மி.மீ. இருக்க வேண்டும். சிறிது குறைந்தாலும் 250-ல் தெரியாது; வளையத்தை லேசாகத் திருப்பி ஈடுகட்டிவிடுவோம். பிம்பம் நகரும் அளவு குவியத்தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அதே திருப்பல் 25-ல் நூறில் ஒரு பங்கு வேலைதான் செய்யும். குட்டு அங்கே வெளிப்பட்டுவிடும். நம் ஆய்வுக்கூடத்தில் படித்த சூத்திரம்தான் தம்பிகளே! வீட்டாருக்குச் சொல்ல எனக்கும் பதில் கிடைத்தது.

காலையில் வந்தவரிடம் ஆசான் ஒளிக்கவில்லை. "கோளாறு உங்க கேமராவில. லென்ஸை நாங்க தப்பா பிரிச்சோம், சரிபண்ணிட்டோம். கூலி வேண்டாம்" என்றார். தப்பு செய்தது நான். அவர் சொன்னது 'நாங்க'.

இன்று குறும்படம் எடுக்கும் மாணவர்கள் பழைய ஜூம்களை டிஜிட்டல் கேமராவில் மாட்டுகிறார்கள். பி.எல். மவுண்ட்டுக்கும் அதே 52 மி.மீ.தான். பூஞ்சை படிந்திருந்தால், கிரீஸ் காய்ந்திருந்தால் லென்ஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அகலப் பக்கம் மட்டும் மங்கினால் அவசரப்படாதீர்கள். வேறொரு கேமராவில் மாட்டிப் பாருங்கள். பிரிப்பதாக இருந்தால் முதலில் கோடு போடுங்கள். தப்பு நேர்ந்தால் மறைக்காதீர்கள்.