கொடுத்த நிலமும் மறுத்த சங்கமும்



நினைவுச் சொற்பொழிவு என்றாலே ஒரு தலைவரைப் போற்றிவிட்டுக் கலைவது வழக்கமாகிவிட்டது. நாம் இன்று எகிப்தின் கமால் அப்துல் நாசரை அந்நாட்டுத் தொழிலாளர்கள், நிலமற்ற கூலிகள் பக்கம் நின்று வாசிக்க விரும்புகிறோம்.

1918இல் அலெக்சாந்திரியாவில் ஓர் அஞ்சல் ஊழியரின் மகனாகப் பிறந்தவர் நாசர். 1948 போரில் பாலஸ்தீனத்தின் ஃபலூஜாவில் முற்றுகைக்குள் நின்ற படை அதிகாரி. அவர் திரட்டிய சுதந்திர அதிகாரிகள் 1952 ஜூலை 23 அன்று மன்னர் ஃபாரூக்கின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள்.

அடுத்த மாதமே கஃப்ர் அல் தவ்வார் நெசவாலைத் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். நியாயமான கூலியும் தாங்களே தேர்ந்தெடுக்கும் சங்கமும் கேட்டார்கள். புதிய ஆட்சியை வாழ்த்தி முழக்கமிட்டுக்கொண்டேதான் கேட்டார்கள். பதிலாக வந்தது ராணுவ நீதிமன்றம். செப்டம்பர் 7 அன்று முஸ்தபா காமிஸ், முகமது அல் பகரி என்னும் இரு தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

இரண்டே நாளில், செப்டம்பர் 9 அன்று, நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஒருவருக்கு 200 ஃபெத்தான், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர்தான் உச்சவரம்பு. குத்தகை, நிலவரியின் ஏழு மடங்கைத் தாண்டக் கூடாது. பெருநிலக்கிழார்களின் அதிகாரத்தை உடைத்த சட்டம் அது. இதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1956இல் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கிய துணிவையும் அப்படியே. 1970இல் அவர் மறைந்தபோது கெய்ரோத் தெருக்களில் லட்சக்கணக்கானோர் அழுதது பொய்யல்ல.

ஆனால் அந்த நிலம் யாருக்குப் போனது? பெரும்பாலும் குத்தகை உழவருக்கும் சிறு உழவருக்கும். ஒப்பந்தக்காரர்கள் ஊர் ஊராக ஓட்டிச் சென்ற ‘தராஹீல்’ கூலிகள் வெறுங்கையோடு நின்றார்கள். அவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. ஆலைகளில் சங்கம் இருந்தது. ஆனால் அது அரசின் கைக்குள் இருந்தது.

விளைவு என்ன? 1992இல், முபாரக் ஆட்சியில், வேறொரு சட்டம் வந்தது. 1997 அக்டோபரில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, நாசர் அளித்த குத்தகைப் பாதுகாப்பு முடிந்தது. எதிர்த்த உழவர்கள் ஒடுக்கப்பட்டார்கள். அவர்களைத் தாங்கி நிற்க நாடு தழுவிய சுதந்திரமான சங்கம் எதுவும் வளர விடப்பட்டிருக்கவில்லை.

செப்டம்பர் 7ஐ விட்டுவிட்டு செப்டம்பர் 9ஐ மட்டும் கொண்டாட முடியாது, தோழர்களே. மேலிருந்து ஓர் ஆணை தந்ததை மேலிருந்தே இன்னோர் ஆணை பறிக்கும். நிலத்தைக் கேட்போம், அதைக் காக்கும் அமைப்பை யாரிடமும் கேட்காமல் நாமே கட்டுவோம்.

ஜெய்பீம்.