துணைவேந்தர் நாற்காலி யாருக்காக?



சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் பிறந்தது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் எஸ்.கௌரியின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவர் உரிய காலத்தில் வரவில்லை. தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பிரதிநிதி வேண்டும் என்றார் ஆளுநர். பல்கலைக்கழகச் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றது அரசு. உயர்கல்வித் துறைச் செயலாளர் தலைமையில் ஒருங்கிணைப்புக் குழு போட்டு ஒப்பேற்றினார்கள்.

"கோப்பு நகர்கிறது, தேர்வு நடக்கிறது, பட்டம் கிடைக்கிறது. வேறென்ன குறை?" என்று கேட்கிறார்கள். சொல்கிறேன், கேளுங்கள்!

ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தர் பதவியில் இருந்தார். 1952-ல் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேவைப்பட்டபோது சர் சி.வி.ராமனையே அழைத்தார். ராமன் தன் மாணவர் ஜி.என்.ராமச்சந்திரனைக் கைகாட்டினார். முப்பது வயதை ஒட்டிய இளைஞர்! அவர் கையில் துறையை ஒப்படைத்தார் முதலியார். இரண்டே ஆண்டில், 1954-ல், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் புரதத்தின் முச்சுருள் அமைப்பை உலகுக்குச் சொன்னார் ராமச்சந்திரன். 1963-ல் வெளிவந்த ராமச்சந்திரன் வரைபடத்தைக் கொண்டுதான் இன்றும் உலகெங்கும் புரதங்களின் வடிவத்தைச் சரிபார்க்கிறார்கள்.

மாதம் ஒருமுறை கூடிக் கையெழுத்திடும் குழுவுக்கு அந்தத் துணிச்சல் வருமா? பணிமூப்புப் பட்டியலைக் கேட்டிருக்கும். தணிக்கை ஆட்சேபத்துக்கு அஞ்சியிருக்கும். "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்றிருக்கும்!

முதலியாருக்குப் பின் வந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. காமராசர் ஆட்சியில் மதிய உணவைப் பள்ளிதோறும் கொண்டுசேர்த்த கல்வி இயக்குநர். ஏழைப் பிள்ளையின் பசியை அறிந்தவர் பல்கலைக்கழகத்தின் உச்சியில் அமர்ந்தார். மாநிலத்துக்குச் செய்யும் தொண்டு என்றால் அதுதான் தோழர்களே!

இப்போது என்ன ஆயிற்று? 2024-ல் வருமான வரித் துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே முடக்கியது. சம்பளமும் ஓய்வூதியமும் கேள்விக்குறியாகின. அன்று முன்னின்று வாதாட முழுநேரத் துணைவேந்தர் இல்லை.

நியமன உரிமையை அரசுக்கு மாற்றும் மசோதாக்களைச் சட்டமன்றம் 2022-ல் நிறைவேற்றியது. அவை ஆளுநரிடம் கிடப்பில் கிடந்தன. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. மே மாதமே சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கே அந்த உரிமை வேண்டும் என்பவன் நான். மசோதாவை முடக்கியதை மன்னிக்க முடியாது. ஆனால் அரசுக்கும் சொல்கிறேன்: உரிமை கைக்கு வந்ததும் அதைக் கட்சிக்காரருக்குப் பரிசாகத் தராதீர்கள்! ஆளுநரிடம் எதைக் கண்டித்தோமோ அதை உங்களிடமும் கண்டிப்போம்.

நம் கோரிக்கைகள் மூன்று. பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே தேடுதல் குழு அமைய வேண்டும். குழு பரிந்துரைக்கும் மூவரின் கல்வித் தகுதியும் ஆராய்ச்சியும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். பொறுப்பேற்பவர் காலியான ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவதை முதல் வேலையாக எடுக்க வேண்டும்.

வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் இல்லாதவருக்கு உங்கள் வாக்கும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்!