முகம் மாறும் வண்டியும் முன்னறியத் துடிப்போரும்

விலையுயர்ந்த மோட்டார் வண்டியொன்று விற்பனைக்கு வந்து மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்ததும், அதன்மேல் ஆசை கொண்டோரிடையே ஒரு சலசலப்பு எழும். வண்டியைச் செய்யும் கம்பனி வாய் திறந்திராது. விளம்பரம் எதுவும் வந்திராது. ஆயினும் இவர்கள் பேசத் தொடங்கிவிடுவர். முன்விளக்கு ஒடுங்குமா, விரியுமா? கிறில் எனப்படும் முன்வலை இன்னும் பெருக்குமா? பின்விளக்குகள் இரண்டையும் ஒரு செந்நிறக் கோடு இணைக்குமா? உலகத்துப் பெருங்காரியங்களோடு வைத்து நோக்கின் இஃது வேலையற்றோர் விளையாட்டாகவே தோன்றும். ஆனால், மறைத்து வைக்கப்பட்ட ஒன்றை மனிதர் எவ்வழியால் அறிய முயல்கின்றனர், எந்த இடத்தில் உண்மையைத் தொடுகின்றனர், எந்த இடத்தில் தம் விருப்பத்தையே கண்டு அதனை உண்மையென மயங்குகின்றனர் என்று பார்க்க விரும்புவோருக்கு, இவ்விளையாட்டிலே கற்பதற்கு நிறைய உண்டு. அதனோடு, வாங்குவோனுடைய கைப்பணமும் இதிற் சிக்கியிருக்கின்றது.

இத்தகைய பேச்சு மிகுதியாக எழுவது கிராஸ்ஓவர் என வழங்கும் வண்டிகளைப் பற்றியே. ஜீப்பைப் போல உயர்ந்து நிற்கும். ஆனால் அதன் உடலமைப்போ சாதாரணக் காரின் உடலமைப்பு. 1997ஆம் ஆண்டின் இறுதியில் டொயோட்டா கம்பனி யப்பானில் ஹரியர் என்ற பெயரில் அத்தகைய வண்டியொன்றை வெளியிட்டது. ஹரியர் நம் நாட்டு வீதிகளுக்குப் புதியதன்று. நேயர்கள் பலர் கண்டிருப்பர். அதே வண்டி 1998இல் லெக்சஸ் ஆர்.எக்ஸ். 300 என்னும் பெயருடன் அமெரிக்கச் சந்தையை அடைந்தது. சுகமும் உயரமும் ஒருங்கே வேண்டிய செல்வர் அதனை விரும்பி வாங்கினர். பின்னர் ஏனைய கம்பனிகளும் அவ்வழியே வந்தன.

இவ்வண்டிகளின் முகம் நடுவழியில் ஏன் மாறவேண்டும்? ஒரு வண்டியின் அமைப்பு ஏறக்குறைய ஆறேழு ஆண்டுகள் விற்பனையில் நிற்கும். அக்காலத்தின் நடுவே அது பழகிய பண்டமாகிவிடும். போட்டியாளரின் புதிய வண்டி பக்கத்திலே வந்து நிற்கும். ஆகவே புதுமை வேண்டும். ஆனால் புதிய வண்டியொன்றைச் செய்யும் செலவு கூடாது. இவ்விரண்டுக்கும் இடையிற் பிறப்பதே முகத்திருத்தம்.

இங்கே தொழிற்சாலைக்குள் சற்று நுழைந்து பார்த்தல் நல்லது. கதவு, கூரை, பக்கத் தகடு ஆகியவை உருக்குத் தகட்டைப் பேரியந்திரங்களின் அச்சுக்களிடையே வைத்து அழுத்திச் செய்யப்படுவன. ஒரு பக்கத் தகட்டுக்கு அச்சு ஒன்று போதாது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல வேண்டும். அவற்றைச் செய்வதற்கு நெடுங்காலமும் பெருந்தொகையும் செலவாகும். மேலும், கதவின் உருவத்தை மாற்றினால் கண்ணாடி மாறவேண்டும். கண்ணாடி மாறினால் நீர் புகாமல் அடைக்கும் இறப்பர் மாறவேண்டும். மோதலின்போது உள்ளிருப்போரைக் காக்கும் சட்டத்தையும் மீளச் சோதித்தல் வேண்டும். பம்பரோ வெறும் பிளாஸ்டிக்கு உறை. அதன் வார்ப்பச்சை மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிது. முன்வலை, விளக்கு, சில்லு ஆகியனவும் அவ்வாறே கழற்றி மாட்டத்தக்கவை. எனவே கூரையும் கதவும் கண்ணாடியும் இருந்தபடியே இருக்க, மூக்கும் கண்ணும் மட்டும் மாறுகின்றன. இதனை அறிந்தவன் ஊகத்தின் பாதி வழியை அப்பொழுதே கடந்துவிட்டான்.

வண்டியின் தோற்றத்தை மாற்றி ஆசையைத் தூண்டும் இத்தொழில் நேற்றுத் தோன்றியதன்று. ஹென்றி போர்ட் தமது 'ரி' மாதிரி வண்டியை 1908 முதல் 1927 வரை பெரிய மாற்றமின்றி ஒன்றரைக் கோடி எண்ணிக்கையிற் செய்து விற்றார். ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் தலைவர் அல்பிரட் சுலோன் வேறு வழி கண்டார்: ஆண்டுதோறும் ஏதேனுமொரு மாற்றம். அதற்கென 1927இல் ஹார்லி ஏள் என்பவரின் கீழ் ஒரு தனிப்பகுதியையே நிறுவினார். அப்பகுதியின் கைவண்ணம் 1959இன் கடிலாக் வண்டியில் மீன் செட்டை போன்று வானை நோக்கி எழுந்த வால்களில் முடிந்தது. அழகோ அழகின்மையோ, இன்றும் அவற்றைக் கண்டவர் மறப்பதில்லை.

நமக்கு இன்னும் அணுக்கமான உதாரணம் மொறிஸ் மைனர். 1948இல் அவ்வண்டி வந்தபோது முன்விளக்குகள் முன்வலையின் இருபுறமும் தாழ அமைந்திருந்தன. அமெரிக்காவில் விளக்கு இன்ன உயரத்தில் இருத்தல் வேண்டும் என்று விதி இருந்தமையால், அவை மட்காட்டின் மேற்பகுதிக்கு ஏற்றப்பட்டன. 1956இல், நடுவே பிளவுபட்டிருந்த முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடியாயிற்று. பழைய வண்டிகளைப் போற்றுவோர் இன்றும் அவ்விரு அடையாளங்களைக் கொண்டே வண்டியின் வயதைச் சொல்லிவிடுகின்றனர். பசுவின் பல்லைப் பார்த்து வயது சொல்லும் கமக்காரனின் திறமை அது.

வந்துவிட்ட மாற்றத்தைக் கண்டு சொல்லுதல் ஒரு திறமை. வராததைச் சொல்லுதல் வேறு. அதற்கு முதற்சான்றாவது ஒளிந்திருந்து எடுக்கப்படும் படம். புதிய வண்டியை வீதியில் ஓட்டிப் பார்க்காமல் விற்க இயலாது. குளிருக்குச் சுவீடனின் வடபகுதியிலுள்ள உறைந்த ஏரிகள், வெயிலுக்குக் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கு, வேகத்துக்கு ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் ஓட்டப்பாதை என இடங்கள் பல உண்டு. கம்பனிகள் அங்கு வருமென்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே படப்பிடிப்பாளரும் அங்கே காத்திருப்பர்.

இத்தகைய மறைவு வண்டிக்கு ஜேர்மானியர் வழங்கும் பெயர் 'ஏர்ல்கோனிக்' என்பது. 1952ஆம் ஆண்டில் 'ஔட்டோ மோட்டோர் உண்ட் ஸ்போர்ட்' என்னும் சஞ்சிகை மெர்சிடிஸ் கம்பனியின் வெளிவராத வண்டியொன்றின் படத்தை வெளியிட்டபோது, கவிஞர் கோதே பாடிய 'ஏர்ல்கோனிக்' என்னும் கதைப்பாடலைப் பின்பற்றிச் சில வேடிக்கை அடிகளையும் சேர்த்து அச்சிட்டது. பெயர் அன்று தொட்டு நிலைத்துவிட்டது. அப்பாடலிலே, தந்தையொருவன் நோயுற்ற மகனை அணைத்துக்கொண்டு இரவிலே குதிரையில் விரைகின்றான். மகன், ஏர்ல்கோனிக் என்னும் மாயவரசன் அதோ வருகின்றான் என்கின்றான். தந்தை, அது மூடுபனி என்கின்றான். சஞ்சிகை ஆசிரியர்கள் வேடிக்கைக்காகவே இப்பெயரை இட்டிருக்கலாம். ஆயினும் பொருத்தம் அதனினும் ஆழமானது. ஒரே படத்தைப் பார்த்து ஒருவன் அரசனைக் காண்கின்றான், மற்றவன் பனியைக் காண்கின்றான்.

பனியை உண்டாக்குவதிலே கம்பனிகளும் தேர்ந்துவிட்டன. கறுப்பும் வெள்ளையுமாகச் சுழிகள் அச்சிட்ட உறையை வண்டி முழுவதும் ஒட்டுவர். முதலாம் உலகப்போரின்போது, 1917இல், நோர்மன் வில்கின்சன் என்ற ஆங்கில ஓவியர் பிரித்தானியக் கப்பல்களுக்குக் கோணல்மாணலாக வரியிடச் செய்தார். கப்பலை மறைப்பது அவர் நோக்கமன்று. அது எத்திசையிற் செல்கின்றதெனப் பகைவன் கணிக்காமற் செய்வதே நோக்கம். வண்டியின் சுழிகளும் அதனையே செய்கின்றன. கண் வளைவைக் காணாமல் வரியையே காணும். போதாக்குறைக்கு உறையின் கீழே பொய்யான மேடுகளையும் வைத்துத் தைப்பர்.

இவ்வளவையும் மீறி உண்மையைக் காண்போர் உளர். அவர்கள் முதலில் உறையிடப்படாத இடத்தையே நோக்குவர். கதவுகள் திறந்தபடி விடப்பட்டு, மூக்கும் வாலும் மட்டும் மூடப்பட்டிருப்பின், அது புதிய வண்டியன்று, முகத்திருத்தமே என்று உடனே கூறிவிடுவர். எது மூடப்பட்டதோ அதுவே மாறுவது, மறைப்பே சாட்சியாகின்றது. பின்னர் அரசாங்கப் பத்திரங்களைப் புரட்டுவர். அமெரிக்காவில் விற்கப்படும் வண்டியொவ்வொன்றுக்கும் 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாள எண் உண்டு. அவ்வெண்ணின் பொருளை விளக்கும் பத்திரத்தைக் கம்பனி வீதிப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் முன்கூட்டியே கையளித்தல் வேண்டும். அதிற் புதிய இயந்திரமொன்றின் பெயர் கண்டால் போதும், இரவிரவாகப் பேச்சு நடக்கும். சீனத்துக் கைத்தொழில் அமைச்சோ, அனுமதிக்கு வரும் வண்டிகளின் படங்களையே வெளியிட்டுவிடுகின்றது. மலைகளில் ஒளிந்திருந்த படப்பிடிப்பாளனுக்கு அகப்படாதது ஓர் அலுவலகக் கோப்பிலே அகப்படும்.

ஊகம் பலித்த கதையொன்றைக் கூறுதல் தகும். லெக்சஸ் ஆர்.எக்ஸ். வண்டியின் மூன்றாம் தலைமுறை 2009இல் விற்பனைக்கு வந்தது. அடக்கமான முகம். 2011இல் அதே கம்பனி ஜி.எஸ். என்னும் தனது வேறொரு காருக்குப் புதியதொரு முன்வலையைச் சூட்டிற்று. மேலும் கீழும் அகன்று நடுவே ஒடுங்கிய வடிவம். நம்மவர் கண்ணுக்கு அது உடுக்கை. கம்பனியார் அதனை நூற்கதிர் என்றனர். டொயோட்டாவின் மூலக் குடும்பம் மோட்டார்த் தொழிலுக்கு முன் தறி செய்த குடும்பமாதலின் அப்பெயரிலும் ஒரு நயம் உண்டு. கூர்ந்து நோக்கியோர், இஃது ஒரு காரோடு நில்லாது, அடுத்து ஆர்.எக்ஸ்.உக்கும் வரும் எனக் கணித்தனர். 2012 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் திரை விலகியபோது, பழைய கதவுகளும் பழைய கூரையும் அப்படியே இருக்க, முகத்தில் உடுக்கை அமர்ந்திருந்தது. முன்னே ஆங்கில 'எல்' வடிவில் ஒளிரும் சிறுவிளக்கும் சேர்ந்திருந்தது. கணித்தோர் தம் ஆசையைச் சொல்லவில்லை; அவர்களுள் அவ்வடிவை வெறுத்தோரும் இருந்தனர். கம்பனி எவ்வழி செல்கின்றதென்பதை மட்டுமே சொன்னார்கள்.

பி.எம்.டபிள்யூ. எக்ஸ் 7 வண்டியின் கதை வேறு. 2018இல் வெளியான அப்பெருவண்டியின் முகத்திருத்தத்துக்கான ஓட்டங்கள் நடந்தபோது, மூடிய முகத்தில் முன்விளக்குகள் வழமையான இடத்தில் இல்லை; பம்பரை நோக்கித் தாழ்ந்திருந்தன. படம் தெளிவாகவே இருந்தது. ஆனால் அதனை ஏற்க மனம் வரவில்லை. இவை சோதனைக்காக மாட்டிய தற்காலிக விளக்குகள் என ஆறுதல் கொண்டாரும் உளர். தமக்குப் பிடித்த முகத்தைத் தாமே வரைந்து, இவ்வாறுதான் வரும் எனப் பரப்பினாரும் உளர். 2022 ஏப்பிரலில் வண்டி வெளியாயிற்று. மேலே புருவம்போல் மெல்லிய ஒளிக்கோடு. அதன் கீழே கருமையான குழியினுள் உண்மை விளக்கு. படத்திற் கண்டது கண்டபடியே வந்தது. மொறிஸ் மைனரில் மேலேறிய விளக்கு இங்கே மீளவும் கீழிறங்கிற்று எனலாம்.

முகம் என்றதும் மனம் இத்துணைத் தடுமாறுவானேன்? 2008இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் நாற்பது பேருக்கு 38 வண்டிகளின் முன்புறத்தைக் காட்டி வினவினர். அவர்களுட் பலர் அவற்றில் முகத்தைக் கண்டதோடமையாது, இது குழந்தை, இது முதிர்ந்தது, இது கோபமுடையது எனப் பெரும்பாலும் ஒருமித்தே கூறினர். வலிமை காட்டும் முகங்களையே விரும்பவும் செய்தனர். வண்டிகளின் வாய் ஆண்டுக்காண்டு அகன்று வருவதன் காரணம் இதிலே ஓரளவு விளங்கும். இரும்பைப் பார்க்கின்றோம் என்று நினைத்துக்கொண்டு முகத்தைப் பார்ப்பவன் நடுநிலையிற் பேசுதல் எளிதன்று.

இனிப் பணத்தைப் பற்றி. முகம் மாறப்போகின்றது என்ற பேச்சுப் பரவினால், இவ்வாண்டு வாங்க இருந்தவன் காத்திருக்கின்றான். விற்பனையாளன் கையிலுள்ள வண்டிகளைத் தீர்ப்பதற்காக விலையைத் தளர்த்துகின்றான். சென்ற மாதம் முழுவிலை கொடுத்து வாங்கியவனோ, தன் வண்டி ஒரே நாளிற் பழையதாகிவிட்டதைக் காண்கின்றான். அதில் ஓர் ஆணியேனும் தேய்ந்திராது. கம்பனிகள் உறை போட்டு ஓடுவதற்கு இந்நட்டமே முதற் காரணம். அதே கம்பனிகள், வெளியீட்டு நாள் நெருங்கியதும் இருட்டில் ஒரு விளக்கின் ஓரத்தை மட்டும் காட்டும் படத்தைத் தாமே வெளியிடுவதும் உண்டு. மறைப்பதும் அவர்களே, ஆவலை மூட்டுவதும் அவர்களே. ஆர்வலரின் உழைப்பு அவர்களுக்குக் கூலியில்லா விளம்பரம். ஆயினும் சரியாகக் கணிக்கும் ஆர்வலன் வாங்குவோனுக்குச் செய்யும் உதவியைச் சிறிதென்று தள்ளுதல் ஆகாது. கதவும் கூரையும் மாறா, இயந்திரமும் அதுவே என்று அவன் சொல்லிவிட்டால், புதிய மூக்கு வேண்டாதவன் பழைய வண்டியைக் குறைந்த விலைக்கு நிம்மதியாக வாங்கிக்கொள்வான்.

முகத்தைப் பற்றிய ஆரவாரத்தில் உள்ளே நடக்கும் மாற்றம் பலகாலும் கவனிக்கப்படாது போகின்றது. ஆர்.எக்ஸ். வண்டியின் நான்காம் தலைமுறை 2015இல் வந்தது. அதன் திரையை இயக்குவதற்கு ஆசனத்தருகே சிறு கைப்பொறியொன்று இருந்தது. ஓட்டிக்கொண்டே அதனைக் கையாளுதல் தொல்லை எனப் பலரும் முறையிட்டனர். 2019இல் முகத்திருத்தம் வந்தபோது முன்வலையின் கண்கள் சற்றே மாறின. அதைப் பற்றியே பெரும்பேச்சு. விரலால் தொட்டு இயக்கும் திரை ஓட்டுநருக்கு அருகே வந்தது அத்திருத்தத்திலேதான். நாள்தோறும் வண்டியைச் செலுத்துபவன் முன்வலையை ஒருநாளும் காண்பதில்லை, திரையையே காண்கின்றான்.

2022 ஜூன் மாதத்தில் ஐந்தாம் தலைமுறை வெளியிடப்பட்டது. பத்தாண்டு காலம் பழித்தும் புகழ்ந்தும் பேசப்பட்ட உடுக்கை வடிவின் விளிம்பு மறைந்து, முன்வலையின் மேற்பகுதி வண்டியின் நிறத்தோடேயே கலந்துவிட்டது. முழுப் புதிய வண்டியாதலின் இம்முறை கதவும் கூரையுங்கூட மாறியிருந்தன. அச்சுக்கள் செய்யப்பட்டாயிற்று, இனி அவற்றிற் கைவைக்க எவரும் துணியார். ஊகிப்பதற்கு எஞ்சியது மூக்கும் விளக்குமே.